ஊர் நடுவே செல்லும் வீதியில் வேகம் தணித்தல்

அவிசாவளையிலே புறப்பட்டு, கினிகத்தேனை வழியாக ஹற்றனுக்கு ஏறி, அங்கிருந்து கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, நானுஓயா என மலைச்சாரல்களை வளைந்து வளைந்து நுவரெலியாவைச் சென்றடையும் ஏ7 வீதி, அவ்வழியே பிரயாணம் செய்வோருக்கு நெடுஞ்சாலையாகவும், அதன் இருமருங்கிலும் வாழ்வோருக்கு ஊரின் நடுத்தெருவாகவும் ஒரே சமயத்தில் விளங்குகிறது. கொட்டகலையில் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையும், கொழுந்து மலைக்குச் செல்லும் தாயும், சம்பளத்தை எண்ணிக்கொண்டு கடைத்தெருவுக்கு வரும் தந்தையும் இதே வீதியில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. ஒரு வீதி இவ்விரு காரியங்களையும் ஒருங்கே செய்யலாம். ஆயின் ஊர் எல்லைக்குள் அது முதலில் ஊராருடைய தெருவாக இருத்தல் வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் அடிப்படை. அதனை வாகனச் சாரதிக்கு உணர்த்துவதில், அறிவிப்புப் பலகையைக் காட்டிலும், பொலிஸ் உத்தியோகத்தரின் விசிலைக் காட்டிலும், வீதியின் அமைப்பே வல்லமை உடையது.

முற்காலத்தில் இப்பிரதேசத்து வீதிகள் தம் கரடுமுரடாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தி வந்தன. குழிகளுக்கு அஞ்சி லொறி மெதுவாக ஊர்ந்தது. அந்த அச்சமே நடப்போருக்குப் பாதுகாப்பாயிற்று. காப்பெற் விரித்து, வளைவுகளை அகலப்படுத்தி வீதியைச் செப்பனிட்டமை பெரும் நன்மையே. நோயாளியை டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லும் ஒவ்வொரு குடும்பமும் அதன் அருமையை அறியும். ஆயினும் வீதி வழவழப்பானபோது, இழந்துபோன பழைய தடைக்குப் பதிலாக ஊர்களின் நடுவே வேறொரு தடையை ஏற்படுத்தும் பொறுப்பைப் பல இடங்களில் எவரும் ஏற்கவில்லை. அதன்மேல், சித்திரை மாதத்தில் நுவரெலியாவின் வசந்தகாலத்தை அனுபவிக்க வருவோரும், மார்கழி முதல் வைகாசி வரை நடக்கும் சிவனொளிபாதமலைப் பருவத்தில் ஹற்றனை நோக்கி வருவோரும், இவ்வூர்களின் வளைவுகளை முன்பின் அறியாத சாரதிகளை நம்பியே வருகிறார்கள்.

நடப்போரின் நிலையையும் அருகே நின்று பார்த்தல் வேண்டும். மழைநாளில் கொழுந்தெடுத்துத் திரும்பும் பெண்ணொருத்தி, இடுப்பிலே படங்கைச் சுற்றி, தலையைப் பொலித்தீனால் போர்த்தி, கொழுந்துச் சுமையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டு வருகிறாள். சுமை பின்னோக்கி இழுப்பதால் அவளால் கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடிவதில்லை. பொலித்தீனில் விழும் மழையின் ஓசையில் பின்னால் வரும் வானின் சத்தம் காதில் விழுவதில்லை. கானுக்கும் தாருக்கும் இடையே அவளுக்குக் கிடைத்திருப்பது ஓரடி அகலச் சேறு. அதுவும் வழுக்குமானால் அவள் தார் மீதே கால் வைக்கிறாள். பாதசாரிகள் ஒழுங்காக ஓரத்தில் நடப்பதில்லை என்று குறைகூறுவோர், அந்த ஓரத்தில் ஒரு நாள் நடந்து பார்த்துவிட்டு அபிப்பிராயம் கூறுவது நியாயமாகும்.

இனி, வேகத்தின் கணக்கு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். சாரதி ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்கு ஒரு வினாடி செல்லுமென்று கொண்டால், அந்த 14 மீற்றரும் வேகம் குறையாமலே கழிந்துவிடுகிறது. அதன்பின், மழையில் நனைந்த, ஓரளவு இறக்கமான வீதியில் அது முழுமையாக நிற்பதற்கு ஏறக்குறைய இன்னும் 29 மீற்றர் தேவை. ஆக மொத்தம் 43 மீற்றர், அதாவது நான்கு பஸ்களை வரிசையாக நிறுத்திய தூரம். அதே வாகனம் 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்திருந்தால் 19 மீற்றருக்குள் நின்றிருக்கும். வேகம் இரட்டித்தால் வாகனத்தின் இயக்கசக்தி நான்கு மடங்காகிறது என்ற பௌதிக விதி இதற்குக் காரணம். சராசரி வேகம் ஒரே ஒரு கிலோமீற்றர் கூடினாலும் காயம் விளைவிக்கும் விபத்துகள் ஏறக்குறைய நூற்றுக்கு 3 வீதம் பெருகும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பு. 2020ஆம் ஆண்டு ஸ்ரொக்கோமில் கூடிய உலக வீதிப் பாதுகாப்பு மாநாடு, மக்களும் வாகனங்களும் கலந்து புழங்கும் இடங்களில் உச்ச வேகம் 30 கிலோமீற்றராக இருத்தல் வேண்டுமென்று பிரகடனம் செய்தது. இலங்கையில் குடியிருப்புப் பகுதிகளுக்கு விதிக்கப்பட்டுள்ள எல்லை பொதுவாக 50, முச்சக்கர வண்டிக்கு 40. எனவே சட்டத்தை மீறாத வாகனமும் பாடசாலை வாசலில் ஒரு பிள்ளையின் உயிரைப் போக்கவல்லது என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

வேகத்தைக் குறைத்தால் பிரயாணம் தாமதமாகும் என்ற ஆட்சேபம் எந்தக் கூட்டத்திலும் எழும். அதற்கு விடை எளிது. ஊருக்குள் ஒரு கிலோமீற்றர் தூரத்தை 50 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க 72 வினாடியும், 30 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க 120 வினாடியும் ஆகின்றன. வித்தியாசம் 48 வினாடி.

முதலில் செய்யவேண்டிய வேலை அளத்தல். அதிகாரிகளிடம் "வாகனங்கள் பறக்கின்றன" என்று முறையிடுவதால் பயனில்லை. அப்படி முறையிடாத ஊரே நாட்டில் இல்லை. வீதியோரத்தில் 50 மீற்றர் தூரத்தை நாடாவால் அளந்து, இரு முனைகளிலும் விளக்குக் கம்பத்திலோ மதகுச் சுவரிலோ சுண்ணாம்பால் அடையாளம் இடுக. ஒரு முனையில் நிற்பவர் வாகனத்தின் முன்சில்லு அடையாளத்தைக் கடக்கும்போது கையைத் தாழ்த்த, மறுமுனையில் நிற்பவர் கைத்தொலைபேசியிலுள்ள நேரமானியைத் தொடக்கி, வாகனம் தம்மைக் கடக்கையில் நிறுத்துதல் வேண்டும். 6 வினாடி ஆனால் வேகம் 30; நாலரை வினாடி ஆனால் 40; 3.6 வினாடி ஆனால் 50. 3 வினாடியே ஆனால் 60. அளப்போர் பளிச்சிடும் மேலங்கி அணிந்தோ குறிப்பேட்டை உயர்த்திப் பிடித்தோ நின்றால் சாரதிகள் சோதனையென்று எண்ணி வேகத்தைத் தணித்துவிடுவர். ஆதலால் வீதியை விட்டு நன்கு விலகி, கடை வாசலில் நிற்பவர்களைப்போல் நிற்பதே உசிதம். காலையில் பாடசாலை கூடும் வேளையிலும், முற்பகல் வீதி வெறிச்சோடும் வேளையிலும், மாலையில் மூடுபனி இறங்கும் வேளையிலும் தனித்தனியே நூறு வாகனங்களையேனும் அளந்து, குறைந்த வேகத்திலிருந்து வரிசைப்படி எழுதினால், நூற்றில் 85ஆவது வாகனத்தின் வேகம் எதுவோ அதுவே பொறியியலாளர் கேட்கும் எண். அத்தோடு, எந்த இடத்தில் மக்கள் வீதியைக் கடக்கிறார்கள் என்பதையும் ஒரு படத்தில் குறித்துக்கொள்க. பாதசாரிக் கடவை போட்ட இடம் ஒன்றாகவும், லயத்திலிருந்து இறங்கும் குறுக்குப்படி வந்து சேரும் இடம் வேறொன்றாகவும் இருப்பது மலையகத்தில் சாதாரணம்.

அடுத்து, வீதி யாருடையது என்று அறிதல். இதில் தவறினால் விண்ணப்பம் அலுவலகம் அலுவலகமாக அலையும். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி வகுப்பு வீதிகள் மாகாண சபையின் பொறுப்பு. சிறு வீதிகள் பிரதேச சபைக்கு உரியவை. இவற்றுக்கு அப்பால், டிரேட்டன், ஸ்டோனிகிளிப், மேபீல்ட் போன்ற தோட்டங்களுக்குள் செல்லும் பாதைகள் தோட்ட நிர்வாகத்தின் கீழ் இருந்து வந்திருக்கின்றன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடுவதற்கு நெடுங்காலம் முட்டுக்கட்டையாக நின்றது. வாக்களிக்கும் உரிமை உண்டு, வாசலில் ஒரு விளக்கோ வேகத்தடையோ கேட்கும் உரிமை இல்லை என்ற அந்த அநீதி 2018இல் சட்டத் திருத்தத்தால் நீங்கியது. கொட்டகலைக்கென்று தனிப் பிரதேச சபை அமைந்து முதல் தேர்தல் நடந்ததும் அதே ஆண்டில்தான். ஆகவே தோட்டப் பாதைக்கான விண்ணப்பத்தை இன்று தோட்ட முகாமையாளருக்கும் பிரதேச சபைத் தவிசாளருக்கும் ஒருங்கே அனுப்புதல் தகும். "அது தோட்டத்து விடயம்" என்ற பழைய பதிலை யாரேனும் கூறுவாராயின், சட்டத் திருத்தத்தை மரியாதையோடு நினைவூட்டலாம். ஏ7 வீதியைப் பற்றிய விண்ணப்பம் அதிகார சபையின் நிறைவேற்றுப் பொறியியலாளருக்குச் செல்ல வேண்டும். பிரதிகள் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் பிரதேச செயலாளருக்கும்.

வேகத்தைத் தணிக்கும் உபாயங்களுள் முதலாவது ஊர் வாசல். தேயிலைச் சரிவுகளுக்கிடையே நெடுந்தூரம் தடையின்றி ஓடிவந்த சாரதிக்கு, இங்கே ஊர் தொடங்குகிறது என்பது கண்ணுக்குப் புலனாக வேண்டும். வீதியின் இருபுறத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் ஊர்ப்பெயர், அதன் கீழ் வேக எல்லை, அந்த இடத்திலிருந்தே தொடங்கும் வெள்ளை ஓரக்கோடுகள், சற்றே ஒடுங்கும் வீதி ஆகிய யாவும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கும்போதுதான் அவற்றுக்குப் பலன் உண்டு. பலகை மட்டும் தனியே நின்றால் அதைப் பாசி மூடும். கோயில் திருவிழாவுக்காகக் கட்டிய அலங்கார வளைவு ஏற்கெனவே ஊரெல்லையில் இருக்குமாயின், அதையொட்டியே வாசலை அமைத்தல் சிறப்பு. வாசல் வீதித் திருப்பத்தின் மறைவில் வந்துவிடக் கூடாது. குறைந்தது ஐம்பது அறுபது மீற்றர் முன்னரே தெரியும்படி இடம் தேர்ந்துகொள்க.

இரண்டாவதும், என் எண்ணத்தில் மலையகத்துக்கு மிகவும் பொருத்தமானதும், வீதியின் அகலத்தைக் குறைத்து அதை நடப்போருக்குக் கொடுப்பது. ஒரு பஸ்ஸின் அகலம் இரண்டரை மீற்றர்; எனவே ஒவ்வொரு பக்கத்துக்கும் 3 மீற்றர் இருந்தால் எதிரெதிரே வரும் பஸ்கள் நிதானமாக விலகிச் செல்லலாம். அதற்கு மேற்பட்ட அகலம் ஊருக்குள் வேகத்தைத்தான் வளர்க்கிறது. ஓரக்கோட்டை உள்ளே தள்ளிப் போட்டு, மிஞ்சிய இடத்தையும் அதையடுத்த கானையும் சேர்த்து, கானின்மேல் கொங்கிறீட் பலகைகளை இட்டு மூடினால், நிலம் சுவீகரிக்காமல், மலையைக் குடையாமல் ஒரு நடைபாதை கிடைத்துவிடும். பலகைகளை அசையாதபடி பூசி ஒட்டிவிடலாகாது. தென்மேற்குப் பருவக்காற்று வைகாசியில் தொடங்கி வாரக்கணக்கில் மழையைக் கொட்டும் பிரதேசம் இது. சரிவிலிருந்து மண்ணும் தேயிலைச் சருகும் கானுக்குள் வந்து அடைத்துக்கொள்ளும். இருவர் சேர்ந்து இரும்புக்கொக்கியால் தூக்கக்கூடிய அளவில், சில பலகைகளுக்கு ஒருமுறை பிடிவளையம் வைத்து வார்த்தல் வேண்டும். நீர் உள்ளே இறங்கும் துவாரங்கள் வீதிப்பக்கமாக இருக்கட்டும். நடப்பவர் பக்கம் இருந்தால் பிள்ளைகளின் கால் சிக்கும்.

வேகத்தடையைப் பற்றி விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது, ஏனெனில் விபத்து நேர்ந்த மறுநாளே எல்லாரும் கேட்பது அதைத்தான். ஆத்திரத்தில் இரவோடிரவாக ஊரார் சேர்ந்து கொங்கிறீட் மேடு கட்டுவதும், சில நாட்களில் அது அகற்றப்படுவதும் பல இடங்களில் நடந்தவை. துயரத்தில் பிறந்த செயலென்றாலும் அதைச் செய்யலாகாது. அனுமதியற்ற அந்தக் குறுகிய மேட்டை இருளில் காணாத மோட்டார் சைக்கிள்காரர் விழுந்தால், அவரும் நம் ஊர்ப் பிள்ளையாகவே இருப்பார். குறுகிய மேட்டை வேகமாகத் தாண்டினால் சக்கரங்கள் மட்டுமே குலுங்கும், வாகனத்தின் உடல் அதிகம் உணராது. ஆகவே துணிந்த சாரதி வேகமாகவே தாண்டுவான், மெதுவாகச் செல்லும் நோயாளிதான் வதைபடுவார். இங்கிலாந்தின் அரசாங்க வீதி ஆராய்ச்சிக் கூடத்தில் வாட்ஸ் என்பவர் 1970களில் பரிசோதித்து வகுத்த மேடு, 3.7 மீற்றர் நீளமும் நடுவில் 10 சென்றிமீற்றர் உயரமும் கொண்டு, மெல்ல எழுந்து மெல்லத் தணியும் வில்வடிவம் உடையது. இந்திய வீதிகள் காங்கிரஸின் நியமங்களும் அதே அளவையே ஏற்றுள்ளன. இவ்வடிவத்தில் வேகம் கூடக்கூட அசௌகரியமும் கூடும்; 25 கிலோமீற்றர் அளவில் செல்பவர் சுகமாகக் கடப்பார்.

இவ்வகை மேடு தோட்டப் பாதைகளுக்கும் பிரதேச சபை வீதிகளுக்கும் ஏற்றது. ஏ7 போன்ற வீதியில் பாரவாகனங்களும் அம்பியூலன்ஸும் ஓயாது செல்வதால், 7 அல்லது 8 சென்றிமீற்றர் உயரத்தில், நீண்ட தட்டையான மேற்பரப்பும் சாய்வான ஏற்ற இறக்கமும் கொண்டு, பாதசாரிக் கடவையையே அதன்மேல் அமைப்பதை அதிகார சபையிடம் கோரலாம். அவ்வாறு அமைந்தால் சாரதி தணிந்து வருவதோடு, கடப்பவரும் உயர்ந்த இடத்தில் நின்று தெளிவாகத் தெரிவார். செங்குத்தான இறக்கத்தில், வளைவுக்குள், பாலத்தின்மேல் எவ்வித மேடும் வேண்டாம். மேட்டின் இரு அந்தங்களையும் கான்வரை நீட்டி நீரை மறிக்கவும் கூடாது. ஒரு சாண் இடைவெளி விட்டால் மழைநீர் ஓடிவிடும். சாரதியை எச்சரிக்கச் சில மெல்லிய குறுக்குவரிகளைத் தடித்த வர்ணத்தால் இடும் வழக்கமும் உண்டு. அவை எழுப்பும் சத்தம் இரவு முழுவதும் கேட்குமாதலால், லயங்களுக்கும் வைத்தியசாலைக்கும் அருகே அவற்றைத் தவிர்த்திடுக.

பஸ் தரிப்பிடம் கடவைக்கு அப்பால் இருத்தல் வேண்டும். கடவைக்கு முன்னே பஸ் நின்றால், அதன் முன்புறமாகக் குறுக்கே ஓடும் பிள்ளையைப் பஸ்ஸை முந்திவரும் வாகனம் காண்பதேயில்லை. சில மீற்றர் தூரம் தரிப்பிடத்தை நகர்த்துவதற்குச் செலவு மிகக் குறைவு. பலனோ மிகப் பெரிது.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1200 மீற்றரும் அதற்கு மேலும் உயரத்தில் உள்ள இவ்வூர்களில், மாலை நான்கு மணிக்கே மூடுபனி வீதியை விழுங்கிவிடும் நாட்கள் உண்டு. அப்போது வர்ணம் பூசிய எதுவும் தெரியாது. வெளிச்சம் பட்டதும் மின்னும் கண்ணாடிக் குமிழ்களை வீதியின் நடுவிலும் ஓரத்திலும் பதிப்பதே உதவி. இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பிரதேசத்தில் வீதி செப்பனிடும் தொழில் செய்த பேர்சி ஷோ என்பவர் 1934இல் இதைக் கண்டுபிடித்ததும், பனிமூட்டத்தில் வளைவுகளைக் காண முடியாத சங்கடத்தினால்தான் என்பர். நமது வளைவுகளில் இது ஆடம்பரமன்று.

இறக்கங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2023 ஜனவரி 20ஆம் திகதி மாலையில், நானுஓயாவில் ரதல்ல குறுக்கு வீதியின் இறக்கத்தில், கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பஸ், எதிரே வந்த வான் ஒன்றுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில், வானிலிருந்தவர்களும் முச்சக்கர வண்டிச் சாரதியுமாக 7 பேர் உயிரிழந்தனர். மலையகம் அன்று அழுத அழுகையை நாம் மறக்கவில்லை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கும் பாரவாகனத்தை, அடிவாரத்தில் போடும் வேகத்தடை காப்பாற்றாது. காய்ந்து சோர்ந்த பிரேக்குக்கு அங்கே வலிமை இராது. இறக்கம் தொடங்கும் உச்சியிலேயே, தாழ்ந்த கியரில் இறங்குமாறு படத்தோடு அறிவித்தலும், பாரவாகனம் ஒதுங்கி நின்று பிரேக்கை ஆறவிடும் இடமும் அமைதல் வேண்டும். இறக்கத்தின் அடியில் உங்கள் ஊர் இருக்குமானால், விண்ணப்பத்தில் உச்சியையும் சேர்த்து எழுதுக.

ஒல்லாந்து தேசத்தின் பிரீஸ்லாந்து மாகாணத்தில், ஹான்ஸ் மொண்டர்மன் என்ற வீதிப் பாதுகாப்பு அதிகாரி, 1980களில் அவுடஹாஸ்க என்னும் கிராமத்தின் நடுவே சென்ற வீதியில், பலகைகளையும் தடைகளையும் பெருக்குவதற்கு மாறாக, அதைப் பழைய கிராமத் தெருவின் தோற்றத்துக்கு மாற்றி அமைத்து வேகத்தைக் கணிசமாகக் குறைத்துக் காட்டினார். ஊரின் தோற்றமே சாரதியை நிதானிக்கச் செய்யும் என்ற அவருடைய கொள்கையை நான் மனமார ஏற்கிறேன். ஆனால் நடைபாதையையும் வாகனப் பாதையையும் ஒன்றாக்கிவிடும் அவருடைய முறையை அப்படியே இங்கே கொண்டுவருதல் பொருந்தாது. அது சமவெளிக் கிராமம். சாரதியும் நடப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து விலகிக்கொள்வதை நம்பியது அவருடைய முறை. தலைச்சுமையோடு குனிந்து செல்லும் பெண்ணுக்குத் தனி நடைபாதை தந்தே ஆக வேண்டும்.

உள்ளூர்ச் சாரதிகளை எதிரிகளாக எண்ணிக் காரியத்தைத் தொடங்குவது பெரும் பிழை. முச்சக்கர வண்டித் தரிப்பிடத்துச் சங்கத்தாரையும், ஹற்றன், தலவாக்கலை பஸ்களின் சாரதி நடத்துநர்களையும் முதற்கூட்டத்துக்கே அழைத்தல் வேண்டும். எந்த வளைவில் சறுக்கும், எந்தப் படியிலிருந்து பிள்ளைகள் ஓடிவருவர் என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் எவருமில்லை. தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்துவதற்குச் சாரதியின் சுபாவத்தைவிட நேர அட்டவணையின் நெருக்கடி காரணமாவதும் உண்டு. அங்ஙனமாயின் மாகாணப் போக்குவரத்து அதிகார சபையிடம் நேரத்தைத் திருத்தக் கேட்டலே தக்க வழி. கோயில் பரிபாலன சபை, மாதர் சங்கம், பாடசாலை அபிவிருத்திக் குழு, தோட்டத் தலைவர்மார் ஆகியோர் ஒரே விண்ணப்பத்தில் கையொப்பமிடட்டும். தொழிற்சங்கத்துக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று என விண்ணப்பங்கள் பிரிந்து சென்றால், அவை வெவ்வேறு கோப்புகளில் உறங்கும்.

வேலை நிறைவேறி மூன்று மாதமானதும், அதே இடத்தில், அதே வேளைகளில், அதே முறையில் வேகத்தை மீண்டும் அளந்து முதற்குறிப்போடு ஒப்பிடுக. குறையவில்லையெனில் பொறியியலாளரிடம் எண்களோடு திரும்பச் செல்லலாம். ஆண்டுதோறும் மழை ஓய்ந்தபின், சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்குமுன், கோடுகளுக்கு வர்ணம் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் எழுதுவதை ஒருவர் தம் பொறுப்பாகக் கொள்ளட்டும். வீதிக்குப் புதிதாகக் காப்பெற் போடப்படும் காலம் மிகவும் கவனிக்கத்தக்கது: மேடு, கோடு, குமிழ் யாவும் புதிய தாரின் அடியில் மறைந்துபோகும், ஒப்பந்தக்காரரின் மதிப்பீட்டில் அவை இடம்பெறாவிட்டால் திரும்ப வரா. ஆதலால் வேலை அறிவிக்கப்பட்ட உடனேயே மதிப்பீட்டின் பிரதியைக் கேட்டு வாங்கி, அவை ஒவ்வொன்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவற்றைத் தார் கொதிக்கத் தொடங்குமுன் சேர்ப்பித்துக்கொள்க.